ஏர்சாஃப்ட் செஸ்ட் ரிக் பேனல்: மோலி வரிசை கோணுது, எங்கே தப்பு?

#1 ஊசிக்காது

ஏர்சாஃப்ட் (பிளாஸ்டிக் குண்டுத் துப்பாக்கி விளையாட்டு) ஆட செஸ்ட் ரிக், அதாவது மேகஸின் வைக்கிற நெஞ்சுப் பட்டை, ஒன்று தைக்கிற வேலை. பேனல் 500டி (டெனியர், இழைத் தடிமன்) கார்டுரா நைலான் துணி, 25 மி.மீ. நைலான் நாடா, டெக்ஸ் 70 (நூல் தடிமன்) பாண்டட் நைலான் நூல், வீட்டு ஜிக்ஜாக் மெஷின், 16ஆம் நம்பர் ஊசி. முன்பக்கம் 8 கட்டம், 3 வரிசை மோலி, அதாவது பவுச் (தனிப் பை) வாரைக் கோர்க்கிறதுக்குக் கட்டம் கட்டமா தைக்கிற நாடா வரிசை. பார்டேக்குக்கு (நாடாவைப் பிடிக்கிற நெருக்கத் தையல்) ஜிக்ஜாக் அகலம் 4, நீளம் 0.4.

கோளாறு மூணு. 8 கட்டத்துக்கு 304 மி.மீ. வரணும், அளந்தா 298. கடையில வாங்கின பவுச்சோட வார் சில கட்டத்துல நுழையவே மாட்டேங்குது, பக்கத்துக் கட்டம் தொளதொளன்னு கிடக்கு. அப்புறம் துணிக்கு அடியில நூல் கூடு கட்டுது, பாபின் ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கினாலும் அதே கதைதான்.

பேனல் ஓரம் இன்னும் அடிக்கல. இதையே பிரிச்சுத் தைக்கலாமா, புதுசா வெட்டணுமா?

#2 பவர்மெஷின்_பாண்டி

புதுசா வெட்டுங்க தம்பி. பி.யூ. (பாலியூரித்தேன்) கோட்டிங் உள்ள துணியில ஊசி போன ஓட்டை மூடாது. நெருக்கமா அடிச்ச கோட்டைப் பிரிச்சா தபால்தலை ஓரம் மாதிரி ஆயிடும், அதே இடத்துல ரெண்டாவது தடவை அடிச்சா கிழியும். நாடாவை மட்டும் எடுத்து வைச்சுக்கோங்க, அரை அங்குலம் தள்ளி மறுபடி உபயோகிக்கலாம்.

298க்குக் காரணம் உங்க அளவு இல்லை, ஜிக்ஜாக். 8 கட்டத்துக்கு 9 கோடு. 4 அகல ஜிக்ஜாக் ஒவ்வொரு கோட்டுலயும் துணியைப் பக்கவாட்டுல கொஞ்சம் சுருக்கும். கோட்டுக்கு 0.7 மி.மீ.ன்னு வைங்க, ஒன்பது கோட்டுக்கு 6. தொலைஞ்ச 6 அங்கதான் இருக்கு. துணி சுருங்குது, நாடா கெட்டியா இருக்கறதால சுருங்கல, அதான் சில கட்டம் மேலே புடைச்சுக்கிட்டு தொளதொளன்னு நிக்குது.

வீட்டு மெஷின்ல இதுக்கு ஜிக்ஜாக்கே வேண்டாம். நேர் தையல், நீளம் 2 மி.மீ., நாடா மேல போய்-வந்து-போய் மூணு தடவை. நாடா முடிஞ்சதும் இடைவெளியில ஒத்தைத் தையலா 3 மி.மீ. நீளத்துல ஓட்டி அடுத்த நாடாவுக்குப் போங்க. ஒரு கட்டக் கோடு முழுக்க மேலிருந்து கீழே ஒரே ஓட்டம், நூல் அறுக்க வேண்டியதில்லை. நேர் தையல் இழுக்கிறது நீளவாக்குல மட்டும், அகலம் அப்படியே நிக்கும்.

குறிக்கும்போது முந்தின கோட்டுலருந்து அடுத்ததை அளக்காதீங்க. இடது ஓரம் சைபர், அங்கருந்தே ஸ்கேல நகர்த்தாம 38, 76, 114.5, 152.5, 190.5, 228.5, 266.5, 305. கணக்குப்படி கட்டம் ஒன்றரை அங்குலம், அதாவது 38.1. சிலர் ரவுண்டா 40ன்னு வைக்கிறாங்க. தனியா இருக்கிற ஒத்தை பவுச்சுக்குத் தெரியாது, மூணு வார் உள்ள பவுச் மாட்டும்போது தெரியும்.

பேனலைச் சுத்தி 2 செ.மீ. கூடுதலா வெட்டி, மோலி எல்லாம் தைச்சு முடிச்ச பிறகு கடைசி அளவுக்கு நறுக்குங்க. முதல்ல சரியா வெட்டிட்டு அப்புறம் நாடா தைக்கிறது தலைகீழ் வேலை.

#3 ஸ்காபரோ_தையல்

பாண்டி அண்ணை சொன்னது தொளதொள கட்டத்துக்கு. நுழையாத கட்டத்துக்குக் காரணம் வேற. தைக்கேக்க நாடாவைக் கையால இழுத்துப் பிடிச்சிருப்பீங்கள். 25 மி.மீ. வார் 38 மி.மீ. கட்டத்துக்குள்ள போகேக்க அகலத்தில 13 மி.மீ. மிச்சம் இருக்கு, அதால அகலம் பிரச்சினை இல்லை. வாரின்ர தடிப்புக்கு நாடா கொஞ்சம் தூக்கி இடம் விடவேணும். இழுத்துத் தைச்ச நாடா தூக்காது.

துணியில கோடு போட்ட மாதிரி நாடாவிலயும் 38.1க்குக் கோடு போடுங்கோ. ரெண்டு கோடும் ஒண்டின்ர மேல ஒண்டு நிண்டால் காணும், இழுக்கவும் வேண்டாம், தளர விடவும் வேண்டாம்.

இன்னொண்டு: எல்லாக் கோட்டையும் ஒரே திசையில தையுங்கோ. ஃபுட் (துணியை அமத்திப் பிடிக்கிற கால்) நாடாவை முன்னுக்குத் தள்ளும். ஒரு கோடு மேலிருந்து கீழ, அடுத்தது கீழயிருந்து மேல எண்டு தைச்சால் நாடா பாம்பு மாதிரி நெளியும், 25 இருக்கவேண்டிய இடைவெளி ஒரு இடத்தில 22, அடுத்த இடத்தில 28 ஆகும். நடுக் கட்டத்தில தொடங்கி ரெண்டு பக்கமும் போனால் மிச்சமுள்ள நகர்வும் பாதிப் பாதியாகப் பிரிஞ்சிடும்.

டபுள்சைட் டேப் ஒட்டுற ஆக்களுக்கு: கோட்டில ஒட்டினால் ஊசியில பசை ஏறித் தையல் விடும். கட்டத்துக்கு நடுவில ஒட்டினால் வார் அதிலயே ஒட்டிக்கொண்டு நிக்கும். பள்ளிக்கூடப் பிள்ளையள் பாவிக்கிற க்ளூ ஸ்டிக் கோட்டில ஒரு இழுப்பு, பத்து நிமிசம் காய விட்டுத் தையுங்கோ. பிறகு தண்ணியில கழுவுப்படும்.

#4 கொக்கி_வளையம்

மூணாவது கோளாறுக்கு வருவோம். அடியில் கூடு கட்டினால் தப்பு மேலே. பாபின் ஸ்க்ரூவைத் தொடவே கூடாது. மேல்நூல் டென்ஷன் தட்டுக்கு நடுவில் உட்காரவில்லை. ஃபுட்டைத் தூக்கி வைத்தால்தான் தட்டு திறக்கும். ஃபுட் கீழே இருக்கும்போது கோர்த்தால் பாண்டட் நூல் விறைப்பாகத் தட்டின் மேலேயே சவாரி செய்யும். பிரித்து, ஃபுட்டைத் தூக்கி, மறுபடி கோர்த்துவிட்டு, ஃபுட்டை இறக்கி நூலை இழுத்துப் பாருங்கள். இறக்கியதும் பிடிமானம் தெரிய வேண்டும்.

இரண்டாவது, நூல் கோன். பாண்டட் நைலானுக்குச் சுருள் ஞாபகம் அதிகம். மெஷினில் உள்ள சின்னக் குச்சியில் கோனை மாட்டாதீர்கள். மெஷினுக்குப் பின்னால் தரையில் நிற்க வைத்து, கோன் உயரத்துக்கு இரண்டு மடங்கு மேலே ஒரு கொக்கி வழியாகக் கொண்டு வாருங்கள். பக்கவாட்டில் உருவினால் சுருண்டு டேக்-அப் லீவரில் (மேல்நூலை ஏற்றி இறக்கும் கை) மாட்டும்.

ஸ்க்ரூவை ஏற்கெனவே முறுக்கிவிட்டதால் அதையும் திரும்பச் சரிபார்க்க வேண்டும். தனியாகக் கழற்றும் பாபின் கேஸ் என்றால் நூல் நுனியைப் பிடித்துத் தொங்க விடுங்கள். தானாக இறங்கக் கூடாது. மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினால் நாலைந்து செ.மீ. இறங்கி நிற்க வேண்டும். பாபின் சுற்றும்போது மெதுவாகச் சுற்றுங்கள்: நைலான் இழுபட்டுச் சுற்றிக்கொண்டு பிறகு சுருங்கும், பிளாஸ்டிக் பாபின் உப்பிப் போய் கேஸுக்குள் சுழலாது. இரும்பு பாபின் நல்லது.

ஊசி 16 குறைந்தபட்சம். நாடா மேல் போகும்போது 18 போடுங்கள். சந்தேகமிருந்தால் முப்பது செ.மீ. நூலில் ஊசியைக் கோர்த்து, நூலைச் சாய்வாக இழுத்துப் பிடியுங்கள். ஊசி தானாக வழுக்கி இறங்கினால் காது போதும், நடுவில் நின்றால் போதாது. தோல் ஊசி வேண்டவே வேண்டாம், அதன் முனை நாடாவின் இழையை வெட்டும். ஜீன்ஸ் ஊசி சரி. டெக்ஸ் 135 நூல் யாராவது சிபாரிசு செய்தால் கேட்காதீர்கள். அதற்கு 22 நம்பர் ஊசி வேண்டும், வீட்டு மெஷினின் கொக்கி அதற்கு அமைத்ததல்ல.

#5 ஊசிக்காது

ஃபுட் இறங்கியிருக்கும்போதுதான் கோர்த்தது. சரி, புது பேனல். அதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி. நாடாவைக் கடைக்காரர் நைலான்னு குடுத்தார், பாலிப்ரொப்பிலீனான்னு சந்தேகமா இருக்கு. துணி 1000டிக்கு மாறணுமா?

#6 பவர்மெஷின்_பாண்டி

ரெண்டு அங்குலம் வெட்டித் தண்ணீர்ல போட்டு, விரலால அழுத்திக் காத்துக் குமிழியை எல்லாம் வெளியேத்துங்க. மிதந்தா பாலிப்ரொப்பிலீன், மூழ்கினா நைலான் இல்ல பாலியெஸ்டர். பாலிப்ரொப்பிலீன் தண்ணியை விட லேசு. ஸ்கூல் பைக்குப் போடுற நாடா பெரும்பாலும் இதுதான், பாரிமுனை பக்கம் பை சாமான் விக்கிற கடைங்கள்ல சுருள் சுருளா தொங்கறதும் இதுதான். வழவழன்னு இருக்கும், வெயில்ல சீக்கிரம் பொடியும், 160 டிகிரி சொச்சத்துலயே உருகும். நைலான் 6,6 உருக 250க்கு மேல வேணும். மோலி வரிசைக்கு வைச்சாக்கூட ஓட்டிடலாம், தோள் வாருக்கு வைச்சா அட்ஜஸ்டர் பக்கிள்ல வழுக்கிக்கிட்டே இறங்கும்.

துணி 1000டிதான். முட்டி போட்டுத் தவழ்றது, செங்கல் சுவர்ல உரசறது எல்லாம் பேனலோட வெளிப்பக்கம்தான் வாங்கும்.

#7 ஸ்காபரோ_தையல்

பாண்டி அண்ணை பவர் மெசினை நினைச்சுக் கதைக்கிறார். இவரிட்ட இருக்கிறது வீட்டு மெசின். 1000டியில பை மடிப்பு, நாடா, ஓரப்பட்டி எல்லாம் சேருற மூலையில ஊசி போகாது, போனாலும் வளைஞ்சு ப்ளேட்டில அடிச்சு முறியும்.

உண்மையான 30 குண்டு நிறைச்ச எம்4 மேகஸின் அரைக் கிலோவுக்குக் கிட்ட வரும். ஏர்சாஃப்ட் எலெக்ட்ரிக் துவக்கின்ர பிளாஸ்டிக் மிட்கேப் மேகஸின் அதில பாதி கூட இல்லை. காஸ் மேகஸின் மட்டும்தான் உண்மையான பாரத்துக்குக் கிட்ட நிக்கும். நாலு மிட்கேப்புக்கு 1000டி எண்டது சைக்கிளுக்கு லொறி டயர் போடுற மாதிரி.

#8 பவர்மெஷின்_பாண்டி

பாரத்துக்குச் சொல்லல, உரசலுக்குச் சொன்னேன். ஆனா வீட்டு மெஷின்ங்கிறது நியாயம். அப்போ பேனல் வெளிப்பக்கம் மட்டும் 1000, பைகள் எல்லாம் 500. இதுக்கு மேல இறங்க மாட்டேன்.

#9 காடாத்துணி

நாலு எம்4 மேகஸின்தான் போடப் போகிறீர்கள் என்றால் மோலி எதற்கு? மோலியின் பலனே பவுச்சை இடம் மாற்றி மாட்டுவது. அதற்காக ஒரு மீட்டருக்குக் கிட்ட நாடா, 27 இடத்தில் மும்முறைத் தையல், அதன் மேல் பவுச்சின் முதுகு ஒன்று. பையைப் பேனலிலேயே நேராகத் தைத்தால் எடையும் குறையும், உடம்போடும் ஒட்டி நிற்கும்.

இதன் மூதாதை சீனாவின் டைப் 56 ரிக். பருத்தி கேன்வாஸ், நடுவில் மூன்று ஏகே மேகஸின் பை, இருபுறமும் சின்னப் பைகள், கழுத்தில் இரண்டு வார், முதுகில் ஒரு கட்டு. ஆப்கானிஸ்தானில் சோவியத் வீரர்கள் இதைக் கைப்பற்றிப் போட்டுக்கொண்டார்கள், அதைப் பார்த்துத் தாங்களும் தைத்தார்கள். 'லிஃப்சிக்' என்று பேர், ரஷ்ய மொழியில் பிரா. தைத்துப் போட்டுப் பார்த்தால் பேர் ஏன் வந்தது என்று புரியும்.

நாலு மேகஸின் பைக்கு வெட்டு அளவு:

எம்4 மேகஸின் குறுக்களவு சுமார் 6.5 செ.மீ., தடிமன் 2.3, உயரம் 18. ஒரு பைக்குப் பேனலில் 7.6 செ.மீ. இடம். முன்துணி ஒரு பைக்கு 7.6 முகம், இரண்டு பக்கச் சுவருக்கும் 2.5 வீதம் 5, ஆக 12.6. நாலுக்கு 50.4, இரு முனையிலும் 1.2 தையல் விட்டு 52.8. உயரம், முடிந்த அளவு 14, மேலே மடித்து அடிக்க 3, கீழே 1.2, ஆக 18.2 செ.மீ. பேனல் 30.4 அகலம், இரு பக்கமும் 1.2.

வரிசை முக்கியம். முதலில் மேல் ஓரத்தை மடித்து அடித்துவிடுங்கள். அடுத்து மூன்று பிரிவுக் கோடுகளையும் பேனலில் தையுங்கள், மேல் முனையில் மட்டும் போய்-வந்து-போய். அதன் பிறகுதான் கீழே ப்ளீட் (பக்கச் சுவரின் மடிப்பு) மடிக்க வேண்டும். முதலில் ப்ளீட்டை மடித்தால் எந்தப் பையும் ஒரே அளவில் வராது.

#10 கொக்கி_வளையம்

மேலே சொன்ன அளவு சரி. 14 செ.மீ.யில் கீழ்ப் ப்ளீட் கொஞ்சம் தின்றுவிடும், மேகஸின் அடி முழுக்கக் கீழே உட்காராது. நாலைந்து செ.மீ. வெளியே நிற்கும், அதுதான் கை பிடிக்க வேண்டிய அளவும்.

ப்ளீட்டைக் கிட்டே பார்ப்போம், எல்லோரும் ஊசி முறிப்பது இங்கேதான். 2.5 செ.மீ. சுவர் பாதியாக மடிந்து முகத்துக்குப் பின்னால் 1.25 உள்ளே போய்த் திரும்பி வரும். அந்த இடத்தில் முகம் ஒன்று, மடிப்பு இரண்டு, பேனல் ஒன்று: நாலு அடுக்கு. ஓரப்பட்டி மேலும் கீழும் சேர்ந்தால் ஆறு. பக்கத்துப் பையின் ப்ளீட் பிரிவுக் கோட்டைத் தாண்டி ஏறினால் எட்டு. ஆகவே ப்ளீட்டைப் பிரிவுக் கோட்டிலிருந்து 2 மி.மீ. தள்ளி மடியுங்கள். கிளிப் மாட்டி, ஓரத்திலிருந்து 6 மி.மீ. உள்ளே ஒரு ஓட்டுத் தையல் போட்டுப் பிடித்த பிறகே ஓரப்பட்டி. குண்டூசி குத்தாதீர்கள், கோட்டிங்கில் ஓட்டை நிற்கும்.

அந்த மேட்டில் ஃபுட் ஏறும்போது பின்பக்கம் தாழ்ந்து மூக்கு தூக்கும். தையல் நின்ற இடத்திலேயே குத்தும், மறுபடி கூடு. ஃபுட்டின் பின்காலுக்கு அடியில் அதே தடிமனில் மடித்த துணித்துண்டு ஒன்றை வைத்துச் சமப்படுத்துங்கள். பெடலை விட்டுவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

#11 புதுநூல்

அண்ணா, வீட்டுல கால்மெஷின் மட்டும்தான், கறுப்பு கட்டை. ஜிக்ஜாக் இல்ல, ரிவர்ஸ் லீவரும் இல்ல. இதுல செய்ய முடியுமா?

#12 காடாத்துணி

நேர் தையலுக்கு அதைவிட நல்ல மெஷின் இல்லை. ரிவர்ஸ் இல்லாவிட்டால் ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்து, ஃபுட்டைத் தூக்கி, துணியைத் திருப்பித் திரும்பி வாருங்கள். மோலி வரிசைக்கு 27 இடத்தில் இப்படிச் செய்வது தண்டனை, அதனால் டைப் 56 மாதிரி தையுங்கள். 10 முதல் 12 அவுன்ஸ் பருத்தி கேன்வாஸ், வெட்டுவதற்கு முன் ஒரு முறை சுடுதண்ணீரில் நனைத்துக் காயப் போடுங்கள். நனைக்காமல் தைத்தால் முதல் மழையில் பை சுருங்கும், மேகஸின் வெளியே வராது.

பருத்தி ஓரம் உருகிச் சேராது, நூல் பிரியும். ஒவ்வொரு ஓரமும் இருமுறை மடித்து அடிக்க வேண்டும், அதற்கு 2 செ.மீ. விடுங்கள். பருத்தித் துணிக்கும் பாலியெஸ்டர் நூலே போடுங்கள். பருத்தி நூல் வேர்வையில் இற்றுவிடும்.

#13 ஸ்காபரோ_தையல்

நைலான் வெட்டுற ஆக்கள்: சோல்டரிங் அயர்ன், இரும்பு ஸ்கேல், அடியில கண்ணாடி. யன்னல் திறந்திருக்கவேணும், புகையைச் சுவாசிக்க வேண்டாம். உருகின சொட்டு விரலில விழுந்தால் ஒட்டிக்கொண்டு எரிக்கும். வெட்டின ஓரத்தில கட்டியான மணி நிக்கும், கழுத்துப் பக்கம் வாற நாடாவுக்கு அந்த ஓரத்தை ஒருக்கா மடிச்சுத் தையுங்கோ, இல்லாட்டி கழுத்தை அறுக்கும்.

சிலர் அதே அயர்னால 500டியில நேராத் துளை வெட்டி, லேசர் கட் மோலி எண்டு போடீனம். அது வேற பொருள்: லாமினேட் பண்ணின துணி, இழை ஒண்டோடொண்டு ஒட்டி நிக்கும். சும்மா கார்டுராவில துளையின்ர மூலையிலயிருந்து கிழியும்.

#14 கொக்கி_வளையம்

இதுவரை யாரும் தொடாத சில சில்லறை விஷயங்கள்.

வெல்க்ரோ: பின்னால் பசை உள்ளது வாங்க வேண்டாம், ஊசி பத்துத் தையலில் அடைக்கும். மெத்தென்ற பக்கம் ரிக்கில், கொக்கிப் பக்கம் மூடியிலும் பேட்ச்சிலும். மாற்றி வைத்தால் கொக்கி உங்கள் சட்டைக் கையை ஓயாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

மேகஸின் பிடிமானம்: மூடி வைத்தால் மெதுவாகும். 4 மி.மீ. எலாஸ்டிக் கயிறும் ஒரு இழுப்பு நாக்கும் போதும். கயிற்றின் இரு முனையும் பேனலுக்குப் பின்னால் முடிச்சாக நிற்கட்டும். தைத்து மூடினால் தளர்ந்த பின் மாற்ற முடியாது.

லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை மேகஸின் பையில் சொருகாதீர்கள். அதன் உறை மெல்லியது, மேகஸின் உதடு குத்தினால் தீ. தனிப் பை, ஜிப் வைத்து, உள்ளே மெத்தை அடுக்கு ஒன்றும் போட்டு.

நிறம்: இந்தியாவில் இருப்பவர்கள் ராணுவப் பூப்போட்ட துணியைத் தொடாதீர்கள். படையின் புதிய டிஜிட்டல் வடிவம் 2022இல் பதிவு செய்யப்பட்டது, வீரன் என்று பிறர் நம்பும்படி உடுத்துவது தனிக் குற்றம். ஒற்றை நிறப் பச்சை, சாம்பல், கொயோட்டே பழுப்பு போதும்.

இந்த ரிக் எதையும் தடுக்காது, கண்ணைக் காக்கும் கண்ணாடி தைத்துக் கிடைக்கிற பொருளும் அல்ல. முத்திரை உள்ள ஏஎன்எஸ்ஐ இசட்87.1 (அமெரிக்கக் கண் பாதுகாப்புத் தரம்) கண்ணாடி வாங்கிய பிறகு நாடா வாங்குங்கள்.

#15 ஊசிக்காது

கோர்க்கிறதைச் சரி பண்ணி, 18 ஊசி போட்டாச்சு, கூடு நின்னுடுச்சு. நாடா மூழ்குது. நேர் தையல்ல புது பேனல் 304.5. தோள் வாரை மேல் ஓரப்பட்டிக்குள்ள சொருகித் தைச்சாப் போதுமா?

#16 பவர்மெஷின்_பாண்டி

போதாது. ஓரப்பட்டிக்குள்ள 1 செ.மீ.தான் பிடிக்கும், குனிஞ்சு ஓடும்போது முழுப் பாரமும் அந்த ஒரு தையல் வரிசையில இழுக்கும், துணியோட பிய்ச்சுக்கிட்டு வரும். ஓரப்பட்டி அடிக்கிறதுக்கு முன்னாடியே வாரை பேனல் மேல 5 செ.மீ. இறக்கி, 25க்கு 25 சதுரம், உள்ளே குறுக்குல எக்ஸ். பேனலுக்குப் பின்னால அதே இடத்துல 5 செ.மீ. கார்டுரா துண்டு ஒண்ணு ஒட்டுக் கொடுங்க.

வார் நுனியை அட்ஜஸ்டர்ல கோர்த்த பிறகு மூணு மடிப்பு மடிச்சுத் தைச்சுடுங்க, உருவிக்கிட்டுப் போகாது. முதுகுல ரெண்டு வாரும் குறுக்கா போற இடத்தை இப்பவே தைக்காதீங்க. போட்டுப் பார்த்து, கையை மேலே தூக்கி, துப்பாக்கியைத் தோள்ல வைச்சுப் பார்த்து, அப்புறம் குறிங்க.

காடாத்துணி சொன்ன மாதிரி பையை நேரா தைக்கிறதா இருந்தா, கீழ் ஓரப்பட்டி அடிக்கிறதுக்கு முன்னாடி ஓட்டுத் தையலோட நிறுத்தி, நாலு மேகஸினையும் ஒரே நேரத்துல போட்டுப் பாருங்க. ஒண்ணொண்ணா போட்டா எல்லாம் நுழையும். நாலும் இருக்கும்போது நடு ரெண்டும் இறுகும். இறுகினா ஓட்டுத் தையலை மட்டும் பிரிச்சு, நடு ப்ளீட்டை 2 மி.மீ. விட்டுக் கொடுங்க.